ரூஃபஸ் முகாமுக்குப் போகாத வருஷம்

என் அக்கா வெல்மாவின் புருஷன் ரூஃபஸ் காட்ரெல் ஆறடி பத்து அங்குலம். டொலிடோ ஸ்டீமர்ஸ் என்ற கூடைப்பந்து அணியில் வளையத்துக்கு அடியில் நின்று பந்தைப் பிடுங்குவதும், பிடுங்கிய பந்தை உள்ளே போடுவதும் அவன் வேலை. அவனுக்காக முதலாளியிடம் பேரம் பேசுவது என் வேலை. எனக்குப் பேரம் பேசத் தெரியும் என்பதால் அந்த வேலை கிடைக்கவில்லை. முன்பு இருந்த ஏஜெண்ட் ரூஃபஸைக் கேட்காமலே ஒரு ஷூ கம்பெனி விளம்பரத்துக்கு ஒப்புக்கொண்டு வந்தான். அந்தக் கம்பெனியின் பெரிய ஷூவுக்குள் ரூஃபஸின் கால் பாதிக்கு மேல் போகவில்லை. அத்தோடு ரூஃபஸ் அவனை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"லெம், நீயே பாத்துக்க மச்சான். நீ ஏமாத்தினாலும் ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு இங்கதானே வந்தாகணும்? பிடிச்சிடலாம்."

நான் அப்போது ஆயுள் காப்பீடு விற்றுக்கொண்டிருந்தேன். சாவைப் பற்றி மரியாதையாகப் பேசுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. அந்த வேலையை விடாமலே இதற்கும் ஒப்புக்கொண்டேன்.

1976 ஜூலையில் ரூஃபஸின் ஒப்பந்தம் முடிந்தது. முடிந்தால் விடுதலை என்று நினைக்க வேண்டாம். அன்றைய வழக்கப்படி பழைய அணியோடுதான் மறுபடி கையெழுத்துப் போடலாம். இல்லாவிட்டால் வீட்டில் உட்காரலாம். அணியின் முதலாளி வெண்டல் ஷ்ராக், வெள்ளரிக்காய் ஊறுகாய் போட்டுப் பெரிய ஆளானவர். அவருடைய அறை தொழிற்சாலை மாடியில் இருந்தது. உள்ளே போனதும் காடி வாசனை கண்ணைக் கரிக்கும். அந்த அறையில் அழாமல் பேரம் பேசியவர்கள் குறைவு என்று ஊரில் சொல்வார்கள்.

"ரூஃபஸ், வருஷத்துக்கு ஒரு லட்சம் டாலர். போன தடவைய விட இருபதாயிரம் ஜாஸ்தி" என்றார் ஷ்ராக்.

நான் உடனே தலையாட்டினேன். முதல் தொகைக்கே ஏஜெண்ட் தலையாட்டக் கூடாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

ரூஃபஸ் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னான். "நல்ல தொகை மிஸ்டர் ஷ்ராக். ரொம்ப சந்தோஷம். கூட ஒரு வரி மட்டும் எழுதிடுங்க. என்னைக் கேக்காம வேற ஊர் அணிக்கு என்னை மாத்தக் கூடாது."

"அது மட்டும் முடியாது."

"சரி."

"ஒரு லட்சத்துப் பத்தாயிரம்."

"அந்த வரி?"

"கிடையாது. ஒரு லட்சத்து இருபது."

"எனக்கு லட்சமே போதுங்க. வரியை எழுதுங்க."

ஷ்ராக் என்னைப் பார்த்தார். நான் ரூஃபஸைப் பார்த்தேன். ஒரு மனிதன் பணத்தை வேண்டாம் வேண்டாமென்று தள்ளுகிறான், இன்னொருவர் துரத்தித் துரத்திக் கொடுக்கிறார். இதற்கு நடுவில் ஏஜெண்ட் என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. கையெழுத்து ஆகாமலே வெளியே வந்தோம்.

காரில் ஏறியதும் எனக்கு அடக்க முடியவில்லை. "ஒனக்குப் பைத்தியமா? அந்த ஒரு வரியில அப்படி என்ன இருக்கு?"

ரூஃபஸ் முழங்கால்களை ஸ்டியரிங்குக்கு இரண்டு பக்கமும் மடக்கி உட்கார்ந்திருந்தான். சாவியைத் திருகாமலே சொன்னான்.

"இங்க வர்றதுக்கு முந்தி ஏழு வருஷத்துல அஞ்சு ஊர், லெம். ஒவ்வொரு ஊர்லயும் ஒங்க அக்கா மாத்து டீச்சரா ஆரம்பிப்பா. யாருக்காவது காய்ச்சல் வந்தா இவளைக் கூப்பிடுவாங்க. அலைஞ்சு திரிஞ்சு நிரந்தரமாகும்போது எனக்கு போன் வரும், நாளைக்குக் கெளம்புன்னு. பஃபலோவுல வகுப்புக்கு அவளே மஞ்சப் பெயிண்ட் அடிச்சா. காயறதுக்குள்ள மூட்டை கட்டினோம். ஒரு வார்த்தை சொல்லல. தட்டையெல்லாம் பேப்பர்ல சுத்தி அடுக்கினா, அவ்வளவுதான்."

அந்த ஜூன் மாதம் வெல்மாவுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. ஹார்வுட் தெரு தொடக்கப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியை. எங்கள் கறுப்பின ஆட்களில் அந்த நாற்காலிக்கு வரும் முதல் ஆள் அவள்தான்.

"சமையக்கட்டுல நின்னுகிட்டே மூணு தடவை படிச்சா" என்றான் ரூஃபஸ். "அடுப்புல முட்டை கருகிப் போச்சு. அவ பாக்கவே இல்ல. இந்த ஊரை விட்டு அவளை நான் கெளப்ப மாட்டேன்."

"இதை அவகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா, 'எனக்காக ஒண்ணும் வேணாம், பணத்தை வாங்கிக்க'ம்பா. அவளைத் தெரியாதா ஒனக்கு? மூச்சு விடாதே. சத்தியம் பண்ணு."

பண்ணித் தொலைத்தேன்.

செப்டம்பரில் பயிற்சி முகாம் தொடங்கியது. ரூஃபஸ் போகவில்லை. முதல் நாள் பத்திரிகையில் சின்னதாக வந்தது. மூன்றாவது நாள் பெரிதாக வந்தது. ஒரு வாரத்தில், பணத்துக்காக அணியை நட்டாற்றில் விட்டவன் என்று படத்தோடு போட்டார்கள். அந்தப் படத்தில் அவன் கொட்டாவி விடப்போகும் நேரம் பார்த்துப் பிடித்திருந்தார்கள்; ஊரையே விழுங்க வருகிறவன் மாதிரி இருந்தது.

வெல்மா அந்தப் பத்திரிகையைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை, நானும் இருந்தேன்.

"எவ்வளவு குடுக்கிறேன்னாங்க?"

ரூஃபஸ் சோளரொட்டியைப் பிட்டான். "போதுமான அளவுக்கு."

"போதும்னா ஏன் போகல?"

"இன்னும் கொஞ்சம் பேசணும்."

"நம்ம அப்பா ரயில்வேல நாப்பது வருஷம் மூட்டை தூக்கினாரு" என்று என் பக்கம் திரும்பினாள். "அவர் வாழ்க்கை பூரா பாத்த பணத்தை இவன் ஒரு வருஷத்துல பாக்கறான். அது போதலையாம். நீதானே ஏத்தி விடறே?"

"நானா?"

"ஒனக்குத்தானே கமிஷன்?"

ரூஃபஸ் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான். அவன் கால் அளவை முன்பே சொன்னேன். நான் வாயை மூடிக்கொண்டு கோழியைத் தின்றேன். என் அக்கா என்னைப் பேராசைக்காரன் என்று நினைத்துக்கொண்டு பரிமாறிய கோழி. இருந்தாலும் நன்றாகத்தான் இருந்தது.

வீட்டில் இருந்த ரூஃபஸுக்குப் பகல் பொழுது போகவில்லை. பத்து வருஷமாகச் செப்டம்பரில் அவன் வீட்டில் இருந்ததில்லை. குழாயைப் பழுது பார்த்தான். பிறகு குழாய்க்காரர் வந்து ரூஃபஸ் பார்த்ததைப் பழுது பார்த்தார். காலையில் வெல்மாவைப் பள்ளியில் இறக்கிவிட்டு, நான்கு தெரு தள்ளி இருந்த மவுண்ட் கார்மெல் தேவாலயத்தின் கார் நிறுத்தத்துக்குப் போவான். அங்கே ஒரு கம்பத்தில் வளையம் இருந்தது, வலை கிடையாது. தனியாக ஓடுவான், எகிறுவான், போடுவான். எதிரே முடிவெட்டும் கடை. வேலை இல்லாத நேரத்தில் கடைக்காரர்கள் நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள்.

"ஏம்ப்பா ரூஃபஸ், ஊறுகாய்க் கம்பெனியையே எழுதிக் கேக்கறியாமே?"

"பாதி கேட்டேன். மூடியை அவரே வச்சுக்கட்டும்னேன்."

"இவ்வளவு ஓடறியே, எவன் காசு குடுக்கறான்?"

"நீங்க ஆளுக்கு அஞ்சு சென்ட் போடுங்க. இன்னும் வேகமா ஓடறேன்."

"அஞ்சு சென்டுக்கு ஷ்ராக் ஒரு வெள்ளரிக்காய் தருவாரு. அது இப்படி மூச்சு வாங்காதுப்பா!"

ரூஃபஸ் சிரித்துவிட்டு எறிவான். ஆனால் சாயங்காலம் வீட்டில் வெல்மா பேசாமல் தட்டு வைக்கும்போது அந்தச் சிரிப்பு இருக்காது. பள்ளியில் பெற்றோர் அவளிடம் ஜாடையாகக் கேட்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். ஒரு தகப்பன், "உங்க வீட்டுக்காரர் சம்பளத்துல இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கூரையே போடலாமே" என்று சொல்லிவிட்டுப் போனானாம். அதை அவள் எங்களிடம் சொன்னபோது ரூஃபஸ் எழுந்து போய் ஏற்கனவே சரியாக இருந்த ஒரு கதவுக் கீலை மறுபடி முடுக்கினான்.

அக்டோபரில் ஆட்டங்கள் தொடங்கின. ரூஃபஸின் இடத்தில் ஸ்கோக்லண்ட் என்று போன வருஷம் மினசோட்டாவிலிருந்து வந்த பையனை நிறுத்தினார்கள். ரூஃபஸை விட ஓர் அங்குலம் உயரம், நல்ல மனசு. அந்த நல்ல மனசுதான் கோளாறு. யாரையாவது இடித்துவிட்டால் மன்னிப்புக் கேட்க நின்றுவிடுவான், அதற்குள் பந்து உள்ளே போயிருக்கும். ஸ்டீமர்ஸ் வரிசையாக ஏழு ஆட்டம் தோற்றது. எட்டாவதும் தோற்ற மறுநாள் காலை, நானும் ரூஃபஸும் இருந்த கார் நிறுத்தத்துக்கு ஸ்கோக்லண்டே வந்து நின்றான். கையில் ஒரு பெட்டி டோநட். கண்ணுக்குக் கீழே நீலமாக வீங்கியிருந்தது.

"மிஸ்டர் காட்ரெல், சீக்கிரம் கையெழுத்துப் போடுங்கண்ணே. ஒங்க இடம் எனக்கு வேணாம். பெஞ்சில உக்காந்திருந்தப்ப நான் எவ்வளவு சந்தோஷமா இருந்தேன் தெரியுமா?"

"யாரு அனுப்பினா? ஷ்ராக்கா?"

"யாரும் அனுப்பல. என் விலா எலும்பு அனுப்பிச்சுது."

மூன்று பேரும் தேவாலயப் படியில் உட்கார்ந்து டோநட் தின்றோம். ரூஃபஸ் அவன் விலாவைத் தொட்டுப் பார்த்து, உடையவில்லை என்று சொன்னான். கையெழுத்துப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்பதாவது ஆட்டமும் தோற்றது. அரங்கில் பாதி நாற்காலி காலி. வந்த பாதிப் பேரும் ரூஃபஸ் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். சிலர் திட்டி, சிலர் கூப்பிட்டு. ஷ்ராக்குக்குத் தூக்கம் போய்விட்டது. ரூஃபஸின் மனைவி பொறுப்பானவள், தலைமை ஆசிரியை, பேசினால் புரிந்துகொள்வாள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நானும் அந்தப் பள்ளியில் இருந்தேன். அக்காதான் வரச் சொல்லியிருந்தாள். அவள் அறையில் சுவரோரமாக ஒரு தாழ்வான பெஞ்சு. தப்புச் செய்த பிள்ளைகளை உட்கார வைப்பது. அதில் என்னை உட்காரச் சொன்னாள்.

"லெம், நேராச் சொல்லு. எவ்வளவு வந்தா முடிப்பீங்க? எனக்கு வெக்கமா இருக்குடா. என் புருஷன் இப்படி ஆளில்ல. இல்லன்னுதான் பதினோரு வருஷமா நெனச்சுகிட்டிருக்கேன்."

நான் சத்தியத்துக்கும் அக்காவுக்கும் நடுவில் முழித்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. கையில் ஒரு டஜன் ஊறுகாய் பாட்டில் கொண்ட பெட்டியோடு ஷ்ராக் உள்ளே வந்தார். வேறு நாற்காலி இல்லை. என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் முழங்கால் மோவாய்க்கு வந்தது.

"மிஸஸ் காட்ரெல், சுத்தி வளைக்கல. ஒங்க வீட்டுக்காரருக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் வரைக்கும் வந்துட்டேன். வெள்ளரிக்காய் விக்கற எந்த விவசாயியும் என்னை இவ்வளவு மேல ஏத்தினதில்ல."

வெல்மா கண்ணாடியைக் கழற்றினாள். "இன்னும் எவ்வளவு கேக்கறாரு?"

"அதாங்க வேடிக்கை! கேக்கவே இல்ல. லட்சமே போதுங்கறாரு. வேற ஊருக்கு மாத்த மாட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுன்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு. இந்த ஊர்ல அப்படி என்ன இருக்கு? எனக்குத் தொழிற்சாலை இருக்கு, நான் கெடக்கிறேன். அவருக்கு என்ன?"

வெல்மா கண்ணாடியை மேசையில் வைத்தாள். மெல்ல என் பக்கம் திரும்பினாள். நான் ஊறுகாய் பாட்டிலின் மேல் ஒட்டியிருந்ததைப் படிக்க ஆரம்பித்தேன். உப்பு, காடி, பூண்டு.

"லெம்."

"சத்தியம் வாங்கிட்டான்க்கா."

அவள் எழுந்தாள். "மிஸ்டர் ஷ்ராக், இங்கேயே இருங்க. எங்கயும் போகாதீங்க" என்றாள், பிள்ளைகளிடம் சொல்கிற அதே குரலில். அவரும் கையை மடியில் வைத்துக்கொண்டு, "சரிங்க" என்றார். வெளியே எழுத்தர் மிஸ் ஃபேயிடம் அரை மணி நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கோட்டைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினாள். நான் பின்னால் ஓடினேன்.

கார் நிறுத்தத்தில் ரூஃபஸ் எகிறிப் பந்தைப் போட்டு, அதை எடுத்துக்கொண்டு திரும்பியபோது எதிரே வெல்மா நின்றாள். முடிவெட்டும் கடைக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"ஊறுகாய்க்காரர் எல்லாத்தையும் சொல்லிட்டாரு" என்றாள்.

ரூஃபஸ் என்னைப் பார்த்தான்.

"அவனைப் பாக்காதே. என்னைப் பாரு. ரெண்டு மாசமா ஊர் ஒன்னைக் கரிச்சுக் கொட்டுது. நானும் கரிச்சுக் கொட்டறேன். வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னா நீ வேணாம்னு சொல்லுவே."

"சொல்லியிருப்பேன்தான்."

"அதான்..."

"வேணாம்னு சொல்லியிருப்பேன். ரெண்டு நாள் யோசிச்சிருப்பேன். அப்புறம் சரின்னு சொல்லியிருப்பேன். அந்த ரெண்டு நாளைக்கு ஒனக்குப் பொறுமை இல்ல!" அவள் குரல் உடைந்தது, கோபத்திலா வேறு எதிலா என்று சொல்ல முடியவில்லை. "அஞ்சு ஊருக்குக் கூட்டிட்டுப் போனாங்க, ரூஃபஸ். ஒரு ஊருக்கும் என்னை யாரும் கேக்கல. சரி, அது முதலாளிங்க. இப்ப இங்கேயே இருக்கலாம்னு நீ முடிவு பண்ணியே, அதையும் என்னைக் கேக்கல."

ரூஃபஸ் பந்தைக் கீழே வைத்தான். அது உருண்டு போனது, யாரும் எடுக்கவில்லை. அவ்வளவு பெரிய உடம்பு எப்படி அவ்வளவு சின்னதாகிப் போனது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

"தப்புத்தான்" என்றான். பிறகு, "இப்பக் கேக்கறேன். நீ என்ன சொல்றே?"

வெல்மா கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு இங்கேயே இருக்கணும். அந்தப் பள்ளிக்கூடம் எனக்கு வேணும். சத்தமாச் சொல்லிட்டேன், போதுமா?"

"சத்தமாத்தாம்மா சொன்னே, எங்களுக்கே கேட்டுச்சு" என்றார் முடிவெட்டும் கடைக்காரர் ஒருவர். வெல்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரூஃபஸ் குனிந்து அவளைக் கட்டிக்கொண்டான். வேர்வையெல்லாம் அவள் வெள்ளைச் சட்டையில் ஒட்டியது. "ஐயோ, ஸ்கூலுக்குப் போகணும்டா!" என்று அவன் தோளில் அடித்தாள், ஆனால் விலகவில்லை.

பள்ளிக்குத் திரும்பியபோது ஷ்ராக் அதே பெஞ்சில் இருந்தார். மிஸ் ஃபே ஒரு பாட்டிலைத் திறந்து ருசி பார்த்து, பூண்டு தூக்கலாக இருக்கிறது என்று அவரோடு வாதாடிக்கொண்டிருந்தாள். ரூஃபஸ் தலையைக் குனிந்து வாசலுக்குள் நுழைந்தான். வெல்மா தன் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

"மிஸ்டர் ஷ்ராக், அந்த வரியில ஒங்களுக்கு என்ன கஷ்டம்?"

"மிஸஸ் காட்ரெல், இவருக்கு எழுதிக் குடுத்தா நாளைக்குப் பன்னெண்டு பேரும் கேப்பாங்க. மத்த ஊர் முதலாளிங்க என்னை உரிச்சு உப்புப் போட்டுடுவாங்க. மாத்த மாட்டேன்னு மட்டும் என்னால எழுத முடியாது. வேற எதுவா இருந்தாலும் கேளுங்க."

"வேற எதுவானாலும்?"

"எதுவானாலும்."

வெல்மா ஒரு தாளை எடுத்தாள். அழகாக, சாய்வில்லாத எழுத்து அவளுக்கு. எழுதி முடித்துச் சத்தமாகப் படித்தாள். "ரூஃபஸ் காட்ரெலை எந்த ஊருக்கு வேண்டுமானாலும் மாற்றலாம். மாற்றுவதற்கு முன், அந்த ஊர் அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றில் அவர் மனைவிக்குத் தலைமை ஆசிரியை வேலை கொடுக்கும் நியமனக் கடிதம் அவள் கையில் சேர வேண்டும்."

ஷ்ராக் ஒரு கணம் யோசித்தார். பிறகு பெஞ்சு ஆட ஆடச் சிரித்தார்.

"அவ்வளவுதானா? பள்ளிக்கூடம் இல்லாத ஊர் ஏது? என் வக்கீல் ஒரு போன் போட்டா வேலை! எழுதிக்கலாம், எழுதிக்கலாம்!"

"சம்பளம் ஒரு லட்சத்து முப்பது" என்றாள் வெல்மா.

"அவரே லட்சம் போதும்னாரே?"

"அது என்னைக் கேக்காமச் சொன்னது."

அப்போது எனக்கும் ரோஷம் வந்தது. ஏஜெண்ட் என்று ஒருவன் அந்த அறையில் இருந்தானே! "ஆடாத ஒன்பது ஆட்டத்துக்கும் சம்பளத்துல கழிக்கக் கூடாது" என்றேன்.

"ஏன் கழிக்கக் கூடாது?"

"அவன் இல்லாதப்ப அரங்கு என்ன ஆச்சுன்னு பாத்தீங்கல்ல. அவனோட மதிப்பை இலவசமா வெளம்பரம் பண்ணிக் குடுத்திருக்கான்."

ஷ்ராக் என்னை முதல் தடவையாக மனிதனாகப் பார்த்தார். "ஒன்பதுல பாதி" என்றார். கைகுலுக்கினோம். அந்த நாலரை ஆட்டத்துக் காசுதான் நான் என் வாழ்க்கையில் சொந்தமாகப் பேசி வாங்கிய முதல் காசு.

வெள்ளிக்கிழமை ரூஃபஸ் ஆடினான். அரங்கில் நுழையும்போது பாதிப் பேர் ஊளையிட்டார்கள். பத்து நிமிஷத்தில் ஊளை நின்றது. அவன் பதினெட்டாவது பந்தைப் பிடுங்கியபோது, பெஞ்சில் இருந்த ஸ்கோக்லண்ட் எழுந்து நின்று துண்டைச் சுற்றினான். அந்த அரங்கில் அவனை விடச் சந்தோஷமான ஆள் யாரும் இல்லை.

கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பிப்ரவரியில் மேற்கே ஒரு பெரிய நகரத்து அணி ஷ்ராக்குக்கு வலை வீசியது. ரூஃபஸைக் கொடுத்தால் இரண்டு இளம் ஆட்டக்காரர்கள், கூடப் பணம். ரூஃபஸுக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. முழங்காலில் ஐஸ் கட்டாமல் அவனால் காரில் ஏற முடியாது. ஷ்ராக் வியாபாரி. சரி என்றார். கைமாற்றத்துக்குக் கடைசி நாள் பதினைந்தாம் தேதி பகல் பன்னிரண்டு மணி. வக்கீலைக் கூப்பிட்டு, அந்த ஊரில் ஒரு பள்ளிக்கூட வேலை பிடிக்கச் சொன்னார்.

வக்கீல் ஒரு போன் போட்டார். பிறகு பதினோரு போன் போட்டார். அந்த மாநிலத்துச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். விண்ணப்பம் ஏப்ரலில்தான் வாங்குவோம் என்றார்கள். காலி இடமே இல்லை, ஒரு தலைமை ஆசிரியர் செத்தால்தான் உண்டு, அவர்கள் எல்லோரும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார்கள் என்றார் ஓர் அதிகாரி. ஷ்ராக்கே தன் கைப்பட ஒரு கடிதம் எழுதி, கூட ஒரு பெட்டி ஊறுகாயும் அனுப்பினார். லஞ்சம் வாங்குவதில்லை என்ற குறிப்போடு பெட்டி திரும்பி வந்தது. இரண்டு பாட்டில் குறைந்திருந்தது.

பதினான்காம் தேதி மத்தியானம் அவர் வெல்மாவுக்குப் போன் செய்தார். நான் அங்கேதான் இருந்தேன். குரல் ரிசீவரைத் தாண்டிக் கேட்டது.

"மிஸஸ் காட்ரெல், ஒரு ஒத்தாசை. அந்த ஊர் கல்வி அலுவலகத்துக்கு நீங்களே ஒரு விண்ணப்பம் போட்டா வேலை சுலபமா முடியும்."

"என் கைக்குக் கடிதம் வந்து சேரணும்னுதான் எழுதியிருக்கு மிஸ்டர் ஷ்ராக். நான் விண்ணப்பம் போடணும்னு எழுதலையே."

அந்தப் பக்கம் ஒப்பந்தத் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"நீங்க இதை அன்னைக்கே யோசிச்சிருந்தீங்களா?"

"நான் அஞ்சு ஊர்ல வேலை தேடியிருக்கேன். எவ்வளவு நாளாகும்னு எனக்குத் தெரியாதா?"

அப்புறம் சிரிப்புச் சத்தம். பள்ளியில் சிரித்த மாதிரி இல்லை. தோற்றவன் சிரிப்பு, ஆனால் கசப்பு இல்லாதது. "என் வக்கீலுக்கு நான் வருஷத்துக்கு எவ்வளவு குடுக்கறேன்னு தெரிஞ்சா நீங்க அழுதுடுவீங்க" என்றார்.

பதினைந்தாம் தேதி பன்னிரண்டு மணி அடித்தபோது வெல்மா சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தாள். ரூஃபஸ் வாசலில் வந்து கடிகாரத்தைக் காட்டினான். அவள் தலையை மட்டும் அசைத்துவிட்டு, முண்டியடித்த ஒரு பெண்ணைக் கடைசிக்கு அனுப்பினாள்.

அந்த வருஷம் ஸ்டீமர்ஸ் பட்டத்துக்கான கடைசிச் சுற்றுகளுக்குள் நுழைந்து, அதில் இரண்டாவது சுற்றில் கௌரவமாகத் தோற்றது. ரூஃபஸ் இன்னும் மூன்று வருஷம் அங்கேயே ஆடினான். முழங்கால் போதும் என்று சொன்ன பிறகுதான் நிறுத்தினான்.

ஆனால் ஒப்பந்தத்தில் எழுதியது எப்படி வெளியே போனதோ தெரியாது. நான் சொல்லவில்லை என்று என் அக்கா இன்று வரை நம்பவில்லை. ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சமையலறையில் ஆறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ஆட்டக்காரர்களின் மனைவிகள்; தங்கள் புருஷன் ஒப்பந்தத்திலும் அப்படி ஒரு வரி வேண்டும் என்று வந்தவர்கள். ஒருத்தி கடைசி வருஷ நர்ஸ் படிப்பு. ஒருத்திக்குப் பக்கத்துத் தெருவில் தாயார். ஸ்கோக்லண்டுக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. அவன் மனைவி இங்க்ரிட் இரண்டு குதிரை வளர்த்தாள். எந்த ஊருக்கு மாற்றினாலும் முதலில் குதிரைகளுக்கு லாயமும் மேய்ச்சல் நிலமும் வேண்டும் என்றாள். ரூஃபஸ் அடுப்படியில் நின்று எல்லோருக்கும் முட்டை வறுத்துக்கொண்டிருந்தான். வெல்மா காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து, குதிரைகளின் வயதைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

நான் அடுத்த நாளே காப்பீட்டுக் கம்பெனிக்குப் போய், இனிப் பேரம் பேச மட்டும்தான் எனக்கு நேரம் இருக்கும் என்று சொல்லி என் பையைத் திருப்பிக் கொடுத்தேன்.